பால் படாத பத்தியம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் பல்லில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. முழங்கால் பேச்சைவிடப் பல் பேச்சு எவ்வளவோ சுவாரசியம். ஆனால் இன்றைக்கு உங்கள் பல்லும் வேண்டாம், என் பல்லும் வேண்டாம். என் மாமாவின் பல் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கடைவாயில் ஞானப்பல் பிடுங்கினார்கள். கன்னம் பந்து மாதிரி. ஐஸ்க்ரீம் சாப்பிடு, தயிர் சாப்பிடு என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்தப் பெண்ணுக்கோ பால் என்றாலே வயிறு ஒத்துக்கொள்ளாது. "பால் இல்லாம, மெல்லாம முழுங்கற மாதிரி என்ன ஆன்ட்டி இருக்கு?" என்று கையாலும் கண்ணாலும் கேட்டாள். அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன். நொய்க் கஞ்சி, பயத்தம் கஞ்சி, பரங்கிக்காய் மசியல், வெந்த சர்க்கரைவள்ளி, ஜவ்வரிசி, நுங்கு, பருப்புத் தண்ணீரில் ஊறிய இட்லி... மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போகிறேன். அவள் அம்மா ஆச்சரியப்பட்டு, "நீங்க டாக்டருக்குப் படிச்சீங்களா?" என்றாள். இல்லை. எனக்கு இதெல்லாம் ஒரே ஒரு கோடையில் தெரிந்தது. செஞ்சியில், சீனாவோடு சண்டை முடிந்த மறு வருஷம்.

என் அம்மாவின் தம்பிதான் அந்த மாமா. அவர்கள் ஊர் தளவானூர். பெற்றவள் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரைத் தூக்கி வளர்த்தவள். பள்ளிப் படிப்பு முடிந்தபின் செஞ்சியில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பட்டாளத்தில் சேர்ந்தே தீருவது என்று ஒரே பிடிவாதம். விடிந்ததும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் படிகளில் ஓடுவார். நானும் பின்னால் ஓடுவேன், பாதியில் உட்கார்ந்துவிடுவேன். அவர் மேலே போய், திரும்பி வந்து, என்னைத் தாண்டி, மறுபடி மேலே போவார். எடை கூட வேண்டிய ஆள் இப்படி ஓடிக் கரையலாமா என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓடினால் பலம் என்றார்கள். பலம் என்றால் எடை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

விழுப்புரத்தில் ஆளெடுப்பு முகாம் நடந்தது. ஓட்டத்தில் தேறினார், மார்பளவில் தேறினார். எடையில் நூலிழையில் தேறினார். கடைசியில் பட்டாளத்து டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிக் குச்சியால் தட்டிப் பார்த்தாராம். கடைசிப் பல் பாதி முளைத்து, பாதி சொத்தை, சுற்றிலும் ஈறு வீக்கம். "இதைப் புடுங்கிட்டு அடுத்த முகாமுக்கு வா. எடை மட்டும் எறங்கக் கூடாது. இப்பவே ஓரத்துலதான் நிக்கிற. எடையில தள்ளிட்டா அப்பால பேரே இருக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமா ஊர் திரும்பி இதைச் சொன்னபோது ஏதோ பாதி சிப்பாய் ஆகிவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

பல் பிடுங்கப் புதுச்சேரிக்குப் போனோம். தனியாக அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. நானும் வருவேன் என்று அழுது ஒட்டிக்கொண்டேன். அந்த டாக்டரை எல்லோரும் சீனா டாக்டர் என்றார்கள். கடை வாசலில் சிவப்பு ஈறோடு பெரிய பல் செட்டு ஒன்றைப் பலகையில் வரைந்து மாட்டியிருந்தார். உள்ளே கிராம்பு வாசனையும் ஸ்பிரிட் வாசனையும். ஒல்லியான மனிதர். தமிழ் எங்களைவிடச் சுத்தமாகப் பேசினார். அவர் தாத்தா காலத்தில் வந்த குடும்பமாம்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் மாமா பெருமை தாங்காமல், "பட்டாளத்துக்குப் போறேன் சார், அதுக்குத்தான் இந்தப் பல்லு" என்றார்.

டாக்டரின் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு சிரித்தார். "நல்லா போய்ட்டு வாங்க தம்பி. வாயை மட்டும் பெருசா தொறங்க."

பல் லேசில் வரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஏதோ மரம் முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. பஞ்சில் வைத்துக் காட்டியபோது அது மூன்று கால் முளைத்த சின்னப் பிராணி மாதிரி இருந்தது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "சூடா எதுவும் வேணாம்மா. மெல்லற மாதிரி வேணாம். நல்லா ஆறின பால் குடுங்க, மோர் குடுங்க. உடம்பு எளைக்காம இருக்கணும்னா பால்தான் நல்லது."

அம்மா தலையை ஆட்டினாள். திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த உடனே ஆரம்பித்துவிட்டாள்.

"கேட்டியாடா? பால் குடுக்கணுமாம். பச்சைப் புண்ணுல பாலை ஊத்தினா சீழ் கட்டாம இன்னா பண்ணும்? சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். உன்ன யாருடா பட்டாளத்துக்குப் போறேன்னு அங்க ஒளறச் சொன்னது? அவன் ஆளு அங்க, நம்ம ஆளு இங்க. நீ நல்லா இருக்கணும்னா சொல்லுவான்?"

மாமா வாயில் பஞ்சோடு, "ம்ம்ம்" என்றார். அது ஆமாவா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் அந்த வருஷம் எத்தனை பேரிடம் இப்படிப் பெயர் வாங்கினாரோ, இன்று நினைத்தால் முகம் சுடுகிறது. அன்று நான் அம்மா சொன்னதைத்தான் நம்பினேன்.

வீட்டில் பத்தியம் தொடங்கியது. பால் ஆகாது. தயிர் ஆகாது. மோர் ஆகாது. நெய் கூட ஒரு சொட்டு ஆகாது. புளிப்பு புண்ணைக் கிளறும் என்று நீராகாரமும் போயிற்று. எங்கள் வீட்டுப் பின்புறம் கறவை மாடு நின்றது என்பதை இங்கே சொல்லவேண்டும். காலையில் பால் காய்ச்சுகிற வாசனை வீடு முழுக்கப் பரவும். மாமா கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, மூக்கை மட்டும் அடுக்களைப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருப்பார்.

தாடை வேறு பூட்டிக்கொண்டது. நாலு நாளில் சரியாகிவிடும் என்றார்கள், ஆகவில்லை. கரண்டியின் காம்பு நுழைகிற அளவுக்குத்தான் வாய் திறந்தது. அம்மா சளைக்கவில்லை. நொய்யைக் குழைய வேகவைத்து, ஆறவிட்டு, உப்புப் போட்டு, துணியில் வடிகட்டினாள். பச்சைப்பயறை வேகவைத்துக் கடைந்து வெல்லம் போட்டாள். பரங்கிக்காயை மசித்தாள். மோர் சேராத கேழ்வரகுக் கூழ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. வெந்நீரில் மண்ணைக் கரைத்த மாதிரி இருக்கும். மாமா அதையும் குடித்தார். எதிர்வீட்டு அத்தை ஒரு கிண்ணத்தில் ஜவ்வரிசிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் குடிப்பதை வேடிக்கை பார்ப்பாள்.

"இன்னா மாப்ள, கைக்கொழந்த மாதிரி உறிஞ்சற? சீனாக்காரன் உன்னப் பார்த்தா சிரிச்சே செத்துடுவான் போ."

மாமா சிரிக்க முயன்று, வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். சிரிக்க வைக்காதே என்று அம்மா அத்தையைத் திட்டுவாள்.

எனக்கு அப்போது அறிவியல் பாடத்தில் உணவு வகைகள் நடந்துகொண்டிருந்தன. உடலை வளர்ப்பது எது, சக்தி கொடுப்பது எது என்று எல்லாம் மனப்பாடம். கஞ்சியில் வெறும் மாவுச்சத்துதான் இருக்கிறது, புரதம் வேண்டும், புரதம் வேண்டும் என்று அடுக்களையில் போய்க் கத்திக்கொண்டே இருப்பேன். "அந்தப் பொரதத்த எந்தக் கடையில விக்கிறான்னு உங்க டீச்சரக் கேட்டுகிட்டு வா" என்பாள் அம்மா.

மாமா இளைக்கிறாரா இல்லையா என்று பார்க்க எங்களுக்கு ஒரே வழி, நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா வேலை செய்த கடலை மண்டிதான். நைனா அங்கே கணக்குப்பிள்ளை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வேர்க்கடலை மூட்டைகள் வந்து இறங்கும். மூட்டையை ஏற்றி நிறுத்துகிற பெரிய இரும்புத் தராசு ஒன்று இருந்தது. கீழே மேடை, மேலே குறுக்காகச் சட்டம், சட்டத்தில் தள்ளுகிற குண்டு. கடைவீதியில் ஆள் ஏறி நிற்கக்கூடிய தராசு அது ஒன்றுதான்.

முதல் முறை மாமாவும் நானும் போய் நின்றபோது நைனாவுக்குப் பிடிக்கவில்லை.

"அது மூட்டைக்கு. மனுஷன் ஏறக் கூடாது. போங்க வீட்டுக்கு" என்றார், கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல்.

எடை போடுகிறவர் விடவில்லை. அவர் வாய் ஓயாத மனிதர். "இருக்கட்டும் கணக்குப்பிள்ளை. பட்டாளத்து மூட்டை, நாமதான் எடை போட்டு அனுப்பணும். ஏறு மாப்ள. வேட்டிக்குக் கழிவு எவ்ளோ போடறது?"

சுற்றி நின்ற விவசாயிகள் சிரித்தார்கள். சாக்குக்கு என்று ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் எடை கழிப்பது மண்டி வழக்கம். அதைத்தான் சொன்னார். மாமா ஏறினார். குண்டு நகர்ந்தது, நகர்ந்தது, நின்றது. விழுப்புரத்தில் இருந்த எடையில் ஒன்றரைக் கிலோவுக்கு மேலேயே குறைந்திருந்தது. கிலோ என்பதே அப்போதுதான் புதிதாக வந்து எல்லோர் வாயிலும் புழங்க ஆரம்பித்திருந்த காலம். ஒன்றரைக் கிலோ என்றால் எவ்வளவு என்று மாமா விழித்தார். எடைக்காரர் ஒரு முறத்தில் கடலையை அள்ளிக் காட்டி, "தா, இவ்ளோ உன் உடம்புலேர்ந்து போயிருக்குது" என்றார்.

அந்த முறத்தை மாமா பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு பல்லுக்கு அவ்வளவா என்று நானும் வாயைப் பிளந்து நின்றேன்.

அதன்பின் அது தினசரி வழக்கமாகிவிட்டது. மாலையில் பள்ளி விட்டதும் மாமாவோடு மண்டிக்கு ஓட்டம். அவர் ஏறி இறங்கியதும் நானும் ஏறுவேன். எடைக்காரர் என் எடையையும் சத்தமாகச் சொல்லுவார். "சுண்டெலி மூட்டை, கழிவு கிடையாது!" நைனா மட்டும் ஒருநாளும் பக்கத்தில் வந்து பார்க்கமாட்டார். நாங்கள் வந்ததும் உள்ளே கிடங்குக்குப் போய்விடுவார். மைத்துனன் பட்டாளத்துக்குப் போவது பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று இப்போதும் சொல்வேன். ஊரே கடலையில் மிதக்கிறது. மாமாவால் மெல்லத்தான் முடியாது. கடலையை ராத்திரி ஊறவைத்து, தோல் நீக்கி, அம்மியில் மைய அரைத்து, தண்ணீர் விட்டுத் துணியில் பிழிந்தால்? பிழிந்தேன். கை கடுத்தது. கெட்டியாக, நுரையோடு, ஒரு சொம்பு வந்தது. வெல்லம் கலந்து ருசி பார்த்தேன். அப்படி ஒரு ருசி! எண்ணெயும் புரதமும் அதில்தான் இருக்கிறது. பாடத்திலேயே போட்டிருந்தது. சொம்பைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். மாமா கையை நீட்டினார்.

அம்மா நடுவில் வந்து நின்றாள். சொம்புக்குள் பார்த்தாள்.

"இன்னாடி இது, வெள்ளையா?"

"கடலைமா. வெறும் கடலை. மாட்டுப் பால் ஒரு சொட்டு இல்ல."

"பாலு மாதிரிதானே இருக்குது. நுரை வேற. வெள்ளையா இருக்கறது எல்லாம் புண்ணுல போனா வெள்ளையாத்தான் வெளிய வரும். அதுவும் கடலை, கரப்பான் பண்டம், புண்ணு ஆறவே ஆறாது. நீ படிச்ச படிப்புக்கு உன் மாமன் வாய அழுகிப் போவ வைக்காத."

"பாடத்துல—"

"பாடத்துல பல்லு புடுங்கினவனுக்குப் போட்டிருக்குதா?"

போட்டிருக்கவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அக்காவின் வார்த்தையை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. வளர்த்த கை அல்லவா. அம்மா சொம்பைப் பின்புறம் கொண்டுபோய்க் கன்றுக்குட்டியின் முன்னால் வைத்தாள். அது ஒரே மூச்சில் குடித்துவிட்டு மூக்கை நக்கிக்கொண்டது. மறுநாளும் அதற்கு முன்னால் போய் நின்றபோது என் பாவாடையை முட்டிற்று.

சித்திரை பிறந்ததும் நுங்கு வந்தது. அதைப் பத்தியத்தில் அம்மா அனுமதித்தாள். அதுவும் வெள்ளைதான், ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. எங்கே பிடுங்கிவிடுவாளோ என்று பயம். இளசாகப் பார்த்துத் தோலுரித்து, கண்ணாடி மாதிரி வழுக்குகிற சதையை மாமாவின் வாயோரத்தில் வைத்தால் தானாக உள்ளே போகும். கோட்டைப் பாறைகள் பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சாயங்காலம் ஊருக்குள் திருப்பி விடுகிற நேரத்தில், அந்தக் குளிர்ச்சிக்கு அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் நுங்கில் என்ன எடை ஏறும்? தண்ணீர்தான்.

மெல்ல வாய் திறந்தது. இட்லி நுழைந்தது. பருப்பு நுழைந்தது. குண்டும் சட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. எடைக்காரர் ஊதி ஊதிக்கூடத் தள்ளிப் பார்த்தார். வேண்டிய கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. முகாமுக்கு இரண்டு நாள் முன்னால் ஏறியபோது வேண்டிய எடைக்கு இன்னும் முக்கால் கிலோ குறைவு.

"நிறையத் தண்ணியக் குடிச்சிட்டுப் போ மாப்ள" என்றார் எடைக்காரர். இப்போது அவர் கேலி செய்யவில்லை.

"தண்ணியக் குடிச்சிட்டா அத்தனை தூரம் ஓடுறது?" என்றார் மாமா. வார்த்தை இன்னும் ஒரு பக்கமாகத்தான் வந்தது. "எடையில தள்ளிட்டா பேர வெட்டிடுவாங்க. போவாம இருந்துட்டா பேராவது இருக்கும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

மறுநாள் காலையில் துணியைப் பையில் திணித்துக்கொண்டு தளவானூருக்கு முதல் பஸ் ஏறிவிட்டார். அங்கே அவர் பங்கு நிலத்தில் கடலை பிடுங்க ஆள் போதவில்லையாம். பஸ்ஸில் ஏறுமுன் என் தலையைத் தட்டி, "நல்லாப் பொரதம் சாப்புடு பாப்பா" என்றார்.

அன்றைக்குத்தான் எங்கள் பள்ளியில் எடை பார்த்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை நர்ஸம்மா ஒரு தராசோடு வருவார். வரிசையாக நின்று ஒவ்வொருவராக ஏறினோம். என் முறை வந்தது. ஏறினேன். நர்ஸம்மா எடையைச் சொன்னார்.

"இல்லீங்க டீச்சர், அது தப்பு" என்றேன். அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். "நான் நேத்துதான் எடை பார்த்தேன். இதைவிட ஒன்றரைக் கிலோ கம்மி."

"எங்க பார்த்த?"

"எங்க நைனா மண்டியில."

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூட்டைத் தராசா? அது அப்படித்தான் இருக்கும். இது முத்திரை போட்டது கண்ணு. இதுல தப்பு வராது. எறங்கு, அடுத்த ஆளு."

நான் இறங்கவில்லை. சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கணக்கில் நான் சூடிகை. எனக்கு ஒன்றரைக் கிலோ குறைத்துக் காட்டினால் மாமாவுக்கும் ஒன்றரைக் கிலோ குறைத்துத்தானே காட்டியிருக்கும்? மாமாவுக்குக் குறைவு ஒரு கிலோ கூட இல்லையே? அப்படியென்றால் மாமா தேறிவிட்டார். முதல்நாள் முறத்தில் அள்ளிக் காட்டிய கடலை கிட்டத்தட்ட முழுசும் பொய். மாமா தேறிவிட்டார்! முகாம் நாளைக் காலை. தளவானூர் ஒன்றும் சீமை இல்லை.

மதிய மணி அடித்ததும் சாப்பாட்டுத் தூக்கை வகுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினேன். தார் ரோடு உருகிக் காலில் ஒட்டியது. மண்டியில் வண்டிகள் வரிசையாக நின்றன, கடலை வரத்து அதிகமான நாள். நைனா மேசைக்குப் பின்னால். முதலாளி அவருக்குப் பக்கத்தில் சாய்ந்த நாற்காலியில் விசிறிக்கொண்டிருந்தார். தராசைச் சுற்றிலும் விவசாயிகள். அதில் பாதிப் பேர் தளவானூர்க்காரர்கள், என் அம்மாவுக்கு அண்ணன் முறை, சித்தப்பன் முறை.

"நைனா! நம்ம தராசு தப்பு காட்டுது! ஒன்றரைக் கிலோ கம்மியா—"

நைனா மேசையைத் தாண்டி வந்தது எனக்குத் தெரியாது. அவர் கை என் வாயின் மேல் இருந்தது. மை வாசனையும் கடலைத் தூசி வாசனையும் கலந்த கை. என்னை அடித்ததே இல்லை அவர், அன்றும் அடிக்கவில்லை. வாயைப் பொத்தியபடியே கிடங்குக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

பின்னால் முதலாளியின் குரல் கேட்டது: "இன்னா கணக்குப்பிள்ளை, பொண்ணு இன்னா சொல்லுது?"

"பசியில ஒளறுதுங்க. பரீட்சைப் பயம்" என்றார் நைனா.

மூட்டைகளுக்கு நடுவில், இருட்டில், கையை எடுத்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸம்மா, முத்திரை, ஒன்றரைக் கிலோ, மாமா தேறிவிட்டார், ஒரு ஆளை அனுப்பினால் போதும். நைனா ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்கிறேன், ஒரு 'அப்படியா' கூட இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"தெரியும் பாப்பா" என்றார்.

தராசுச் சட்டத்தின் முனையில் தொங்குகிற தட்டின் அடியில் எடையைக் குறைத்துக் காட்ட ஒரு துண்டு ஈயம் ஒட்டியிருக்கிறது. வாங்குகிற சரக்குக்கு அந்தத் தராசு, விற்கிற சரக்குக்கு உள்ளே வேறு தராசு. இது முதலாளியின் அப்பா காலத்து ஏற்பாடு. சொல்லச் சொல்ல அவர் குரல் கீழே போய்க்கொண்டே இருந்தது. "அதான் ஏறாதன்னு சொன்னேன். கேட்டானா? அவ்ளோ பேருக்கு நடுவுல நான் எப்படிச் சொல்றது? உங்கம்மா ஊர்க்காரன் எல்லாம் அதுலதான் கொட்டறான். வெளிய தெரிஞ்சா என் வேலை போவும். வேலை போனா கூடப் பரவால்ல. அவங்க மூஞ்சில நான் முழிக்க முடியுமா?"

"மாமாகிட்ட மட்டும் சொல்லுங்க நைனா. ரகசியமா."

"எடை சரியா இருக்குதுன்னு சொன்னா, எப்படித் தெரியும்னு கேட்க மாட்டானா?"

"அப்ப எடையப் பத்திப் பேசாதீங்க. சும்மா போய்ப் பாருன்னு மட்டும் சொல்லுங்க."

நைனா என்னை நிமிர்ந்து பார்த்தார். அது நடக்கக்கூடியதுதான் என்று அவருக்கும் பட்டது என்று நினைக்கிறேன். "சாயங்காலம் பார்க்கலாம்" என்றார். "நீ வாயத் தொறக்காத. போ, பள்ளிக்கூடம் போ."

சாயங்காலம் அவர் நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று, "தளவானூர் வரைக்கும் போய்ட்டு வரட்டுமா? நாளைக்கு ஒரு தரம் போய்ப் பார்க்கச் சொல்லலாம்னு இருக்குது. ஒருவேளை எடுத்துக்கிட்டாலும் எடுத்துக்குவாங்க" என்றார் அம்மாவிடம்.

அம்மா கறந்த பாலை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அதான் எடை பத்தலன்னு அவனே சொல்லிட்டானே."

"பத்தலாம். யார் கண்டா?"

"போனா திரும்பி வருவான்னு யார் கண்டா?" என்றாள் அம்மா.

பால் பொங்கி வந்தது. அம்மா கரண்டியைப் போட்டுக் கிளறினாள். நான் நைனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று என் தொண்டை வரைக்கும் வந்தது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னால் போதும். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. நைனா போகமாட்டேன் என்று சொல்லவில்லை. திண்டிவனம் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. நைனா குனிந்து செருப்பைக் கழற்றினார். ஒரு கால், பிறகு இன்னொரு கால். "வா, சாப்பிடு" என்றார் என்னிடம்.

அம்மா அவரைத் தடுத்தாளா, அவர் தன்னைத் தடுக்க அம்மாவை விட்டாரா? ரொம்ப நாள் எனக்கு இருவர் மேலும் கோபம் இருந்தது. இப்போது கோபம் இல்லை. வெறும் அந்த இரண்டு செருப்புகள்தான் கண் முன்னால் நிற்கின்றன, வாசலைப் பார்த்தபடி.

பரீட்சை முடிந்து விடுமுறை விட்டிருந்தார்கள். மாமா வண்டியில் கடலை மூட்டைகளோடு மண்டிக்கு வந்தார். தன் நிலத்துக் கடலை. வெயிலில் கறுத்திருந்தார். கன்னம் பழையபடி ஆகிவிட்டது. முதல் மூட்டை தராசில் ஏறியது. எடைக்காரர் குண்டைத் தள்ளி எடையைக் கூவினார். நைனாவின் பேனா நகரவில்லை.

"இவனுதுக்குக் கழிவு போடாத" என்றார்.

"அதெல்லாம் வேணாம் மாமா" என்றார் மாமா. அக்கா வீட்டுக்காரரை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார். "எல்லாருக்கும் ஒரு வழக்கம், எனக்கு ஒரு வழக்கமா? நம்ம ஊர்க்காரங்க இன்னா நெனப்பாங்க?"

தராசின் இரும்புச் சட்டத்தை ஒரு கையால் பிடித்து, மாட்டைத் தட்டுகிற மாதிரி தட்டினார். "அன்னிக்கு இன்னும் கொஞ்சூண்டு காட்டியிருக்கக் கூடாதா நீ?"

எல்லோரும் சிரித்தார்கள். எடைக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நைனா குனிந்து எழுத ஆரம்பித்தார்.

மதியம் மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். வாய் முழுசாகத் திறந்தது. அம்மா வாயைக் காட்டச் சொல்லி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, புண் ஆறிவிட்டது என்று திருப்திப்பட்டாள். பிறகு பெரிய சொம்பு நிறையப் பாலை ஊற்றிக்கொண்டு வந்தாள். ஏடு மிதந்தது.

"சீழ் கட்டாதா அக்கா?"

"ஆறிடுச்சில்ல. குடி. எல்லாம் உனக்குத்தான்."

மாமா அண்ணாந்து குடித்தார். எத்தனை நாள் ஆசை. தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, மீசையில் ஏட்டோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா பாப்பா, இப்ப தேறியிருப்பேனா?"

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போய்க்கொண்டிருந்தார்.

"தேறியிருப்பீங்க மாமா" என்றேன்.